கடலுக்கு எத்தனை வாசல்?

(ஓசூரில் சிறுதொழில் நடத்துவோர், மலர் சாகுபடியாளர்கள், கல்லூரி மாணவர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிப்ரவரி 14-ஆம் தேதிக்கான ரோஜா இந்த மண்ணிலிருந்து ஜனவரி கடைசியிலேயே கிளம்பிவிடும். தளி, பாகலூர், கெலமங்கலம், பேரிகைப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் மொட்டாகப் பறித்து, குளிர் அறையில் நிறுத்தி, காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து, கட்டுகளாக அட்டைப்பெட்டியில் அடுக்கி, இரவோடு இரவாக வேனில் ஏற்றுவார்கள். அந்த வேன் அத்திப்பள்ளியில் கர்நாடகத்துக்குள் நுழைந்து, எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, பெங்களூரு நகரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கடந்து, தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போகிறது. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் வேறு திசையில் போகிறது. டிரம்களில் அடைத்து, கன்டெய்னரில் ஏற்றி, வாணியம்பாடி, வேலூர், ராணிப்பேட்டை வழியாக முந்நூறு கிலோமீட்டர் ஓடி, சென்னையில் கப்பல் ஏறுகிறது.

ஒன்று வானத்து வாசல். அது அடுத்த மாநிலத்தில் இருக்கிறது. மற்றொன்று கடல் வாசல்; அது நம் மாநிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஒரு ராத்திரிப் பயணத் தொலைவில். இரண்டில் எதற்கும் சாவி நம் கையில் இல்லை. கடலில்லா நாடுகளைப் பற்றிப் பேச என்னை அழைத்தபோது, அதற்கு ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது என்று தோன்றியது.

முதலில் உலகக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடற்கரை இல்லாத வளரும் நாடுகள் என்று ஐ.நா. வகைப்படுத்தியிருப்பவை 32. அதில் சரிபாதி ஆப்பிரிக்காவில். நம் அண்டையில் நேபாளம், பூடான், சற்றுத் தள்ளி ஆப்கானிஸ்தான். எல்லாவற்றிலும் சேர்த்து ஐம்பத்தைந்து கோடிக்கும் மேற்பட்ட மக்கள். உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய ஏழு சதவீதம். ஆனால் உலகச் சரக்கு ஏற்றுமதியில் அவர்கள் பங்கு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. இவர்களுக்காக 2003-இல் அல்மாட்டியில் ஒரு செயல்திட்டம் போட்டார்கள். 2014-இல் வியன்னாவில் இன்னொன்று. 2025 ஆகஸ்டில் துர்க்மெனிஸ்தானின் அவாசாவில் மூன்றாவது மாநாடு. அவாசா காஸ்பியன் கரையில் இருக்கும் உல்லாசக் கடற்கரை ஊர். கடலில்லாதவர்களின் மாநாட்டைக் கடற்கரையில் வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை!

சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. கடலில்லா நாட்டுக்குக் கடலை அடையும் உரிமையும், இடையில் இருக்கும் நாட்டின் வழியே சரக்கைக் கொண்டுபோகும் உரிமையும் உண்டு என்று 1982-ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது. உலக வர்த்தக அமைப்பின் வணிக எளிமையாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. அப்படியானால் சரக்கு எங்கே நிற்கிறது?

இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் சொன்ன நூல்களில் ஒன்று 2010-இல் உலக வங்கி வெளியிட்டது. அர்வி, ரபாலான், மார்ட்டோ என்ற மூவர் எழுதியது. அவர்கள் சொன்னதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். தூரத்துக்குக் கூலி உண்டு. டீசலும் டோலும் டிரைவர் பேட்டாவும் முன்கூட்டியே தெரிந்த செலவு. அதை விலையில் ஏற்றிவிடலாம். சரக்கு என்றைக்குப் போய்ச் சேரும் என்று தெரியாததுதான் பெரிய செலவு. நாலு நாளில் சேரும் சரக்கு சில சமயம் பதினாலு நாளில் சேருமென்றால், வாங்குகிறவன் பதினாலு நாளுக்கான இருப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த இருப்பில் முடங்கும் பணத்துக்கு வட்டி உண்டு. அந்த வட்டியை அவன் தன் பையிலிருந்து கொடுக்கமாட்டான். நம் விலையில் கழிப்பான். இல்லையென்றால் நம்மை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்ப்பான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் லாரிக்காரர்கள் முறை வைத்து லோடு பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டால் வாடகை எப்படி ஏறிக்கிடக்கிறது என்பதையும் அந்த நூல் சொல்கிறது. அதை இங்கே விரித்தால் நம் லாரி நண்பர்கள் கோபிப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

தூரம் இயற்கை வைத்தது. நிச்சயமின்மை மனிதன் வைத்தது. இன்று நான் சொல்ல வந்தது இரண்டாவதைப் பற்றி மட்டும்.

நம் மாவட்டத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். இது வறட்சி மண். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார அரசு இங்கே இரண்டு குறுகிய ரயில் பாதைகள் போட்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒன்று, அது பின்னால் ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவரத்தான் அந்தப் பாதைகள். இங்கிருந்து எதையாவது வெளியே அனுப்பலாம் என்று அன்றைக்கு யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த ரயிலும் போய்விட்டது. பின்னாளில் ஓசூருக்கு அகல ரயில் வந்தது. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றுவரை வரவில்லை. 2004 பிப்ரவரியில் மாவட்டத் தலைநகரம் ஆனது. ரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகரம். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்று நம் பெரியவர்கள் மனுப் போட்டார்கள், நாமும் போட்டோம். அளவைக் கல் நடுகிறவர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள்.

பிறகு ஓசூர் எப்படி எழுந்தது? எல்லையால்தான் எழுந்தது. 1970-களில் சிப்காட் இங்கே தொழிற்பேட்டை போட்டபோது, பின்தங்கிய பகுதி என்ற சலுகையும் மலிவான நிலமும் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தன; எந்திரத் தொழில் தெரிந்த கைகளும் பெரிய நகரத்து வசதிகளும் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூருவில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஓசூர். அசோக் லேலண்ட் வந்தது, டிவிஎஸ் மொபெட் வந்தது, டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. அண்மைக் காலத்தில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ். இரண்டு மாநிலத்துக்கும் ஒரே விதியும் ஒரே நிலவிலையும் இருந்திருந்தால் இந்த ஆலைகளில் பாதி பொம்மசந்திராவிலேயே நின்றிருக்கும்.

ஆகவே, எல்லை நமக்குச் சோறு போட்டது. அதே எல்லை நம் கையைக் கட்டவும் செய்தது. விற்பனை வரி நாட்கள் இங்கே இருக்கிற மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் இந்தப் பக்கம் ஒரு வரிசை, அத்திப்பள்ளியில் அந்தப் பக்கம் ஒரு வரிசை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பில் கட்டோடு ஜன்னலுக்கு ஜன்னல் நிற்பார். மத்திய விற்பனை வரிக்கான சி படிவம் ஒன்று குறைந்தால் கணக்குப்பிள்ளைக்குத் தூக்கம் போய்விடும். ஒரே நாட்டுக்குள்தான் இது. நாடு முழுவதும் வணிகமும் போக்குவரத்தும் தடையற்று நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 301-ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்த நாட்களிலேயே நடந்தது.

பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்ஜியம் என்று கடைசிவரை எதிர்த்துப் பேசிய மனிதர் இந்த அரங்கத்துக்குப் பக்கத்தில், தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர். ராஜாஜியின் எல்லாக் கருத்தையும் ஏற்கிறவன் அல்ல நான். நிறைய விஷயத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் அவர் பிறந்த ஊருக்கு மிக அருகில்தான் ஜூஜூவாடி வரிசை அத்தனை ஆண்டு நின்றது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரலிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கு இ-வே பில். ஜி.எஸ்.டி. விகிதங்களைப் பற்றி, ரீஃபண்டு தாமதத்தைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் புகார் இருக்கும், நியாயமான புகார்கள்தான். ஆனால் எல்லையில் நின்ற மணிநேரம் குறைந்ததை மறுக்க முடியாது. ஒரு நாட்டுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தம் அது. நேபாளமும் இந்தியாவும், எத்தியோப்பியாவும் ஜிபூட்டியும் இன்னும் எட்டாத நிலை.

ஆனால் வரி போனால் எல்லை போய்விடுகிறதா? 2016 செப்டம்பர் 12-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். காவிரி நீர்த் திறப்பு உத்தரவை ஒட்டிப் பெங்களூருவில் கலவரம். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. பேருந்துகள் வாரக்கணக்கில் எல்லையோடு நின்றன. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளிக்கு மக்கள் நடந்தார்கள். 2023 செப்டம்பரில் மறுபடி பெங்களூரு பந்த், பின்னாலேயே கர்நாடக பந்த். எந்த அரசும் எல்லையை மூடுவதாக ஆணை போடவில்லை. ஆனால் அந்த நாளில் ரோஜா பறித்தவனுக்கு, கட் ஆஃப் நேரத்துக்குள் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்க வேண்டியவனுக்கு, ஆணை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

2025 ஜூனில் நடந்தது இதைவிடத் தெளிவானது, ஏனென்றால் அங்கே ஆணையே இருந்தது. அந்த வருஷம் மாம்பழ விளைச்சல் கொட்டியது. நாம் பெங்களூரா என்று சொல்லும் தோத்தாபுரிக்கு விலை அடிமட்டத்துக்குப் போனது. ஆந்திர அரசு தன் விவசாயிகளுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வழி செய்தது. கூழ் ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய். அடுத்த மாநிலத்துப் பழம் உள்ளே வந்தால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும் என்று, வெளிமாநிலத் தோத்தாபுரி வரக்கூடாது எனச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கோலார் பக்கத்து விவசாயிகள் தவித்துப்போனார்கள்; கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். இங்கே நம் முதல்வர் மா விவசாயிகளுக்கு உதவி கேட்டுப் பிரதமருக்கு எழுதினார். மூன்று மாநிலங்கள் ஒட்டிக்கிடக்கும் ஒரே மாந்தோப்பு வட்டாரம் இது. பழத்துக்கு மூன்று அரசுகளின் முடிவும் பொருந்துகிறது; பழத்தின் ஆயுளோ சில நாட்கள்.

சித்தூர் நிர்வாகத்தைத் திட்டுவது எளிது. அவர்கள் தங்கள் விவசாயியைத்தான் பார்த்தார்கள். அந்த இடத்தில் நாம் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று எனக்குச் சந்தேகம். கடலில்லா நாட்டின் பிரச்சினையே இதுதான். அண்டை நாட்டுக்காரன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அவன் தன் வேலையைப் பார்த்தாலே போதும், நம் சரக்கு நின்றுவிடும்.

இப்போது கொஞ்சம் தூரம் போய் வருவோம். ஓசூரைத் தாய்வீடாகக் கொண்ட டிவிஎஸ் நிறுவனம் எச்எல்எக்ஸ் என்ற வண்டியை ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே உருவாக்கியது. பின்னால் ஒருவரை, சில சமயம் இருவரை, மேலே ஒரு வாழைத்தாரையும் வைத்துக்கொண்டு நாளெல்லாம் ஓட வேண்டிய வண்டி. உகாண்டா போன்ற நாடுகளில் வாடகை மோட்டார் சைக்கிளாக ஓடுகிறது. போடா-போடா என்று அங்கே சொல்வார்கள். அந்தத் தொழில் பிறந்ததே ஓர் எல்லையில்தான். கென்யா–உகாண்டா எல்லையில் புசியா என்ற ஊர். இரண்டு நாட்டுச் சோதனைச் சாவடிகளுக்கும் இடையே கொஞ்ச தூரம் உண்டு. அங்கே ஆட்களைச் சைக்கிளில் ஏற்றி இறக்கிய பையன்கள்தான் ஆரம்பம். 2016-இல் ஜூஜூவாடியில் ஆட்டோ ஓட்டிய நம் பையன்களுக்கு அது புரியும்.

உகாண்டாவுக்குக் கடல் இல்லை. சரக்கு கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி, ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் ஓடி, மலாபா என்ற எல்லை ஊரைத் தாண்டி கம்பாலாவுக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் அந்தப் பயணத்துக்குப் பதினெட்டு நாட்கள் ஆயின என்பார்கள். 2014 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் ஒரு காரியம் செய்தன. உகாண்டாவின் சுங்க அதிகாரிகளை மொம்பாசாவிலேயே உட்காரவைத்து, வரியைத் துறைமுகத்திலேயே கட்டிவிட்டுச் சரக்கை விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். மலாபாவில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின்கீழ் ஒரே தடவை சோதனை செய்தார்கள். பயணம் நான்கைந்து நாளாகச் சுருங்கியது. தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை.

அவர்கள் செய்த இன்னொரு வேலை என்னை அதிகம் கவர்ந்தது. 1985-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, அந்தச் சாலைக்கென்றே கென்யா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி, காங்கோ உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து ஓர் ஆணையம் வைத்திருக்கின்றன. மொம்பாசாவில் அலுவலகம். லாரி துறைமுகத்தில் எத்தனை மணிநேரம் நின்றது, எடைமேடையில் எவ்வளவு, எல்லையில் எவ்வளவு என்று அளந்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. எந்த நாட்டின் மண்ணில் சரக்கு தேங்குகிறது என்பதை மறைக்க முடியாது. அமைச்சர்கள் கூடும்போது எதிரே அந்த எண்கள் கிடக்கும். நம் ஓசூர்–சென்னைச் சாலைக்கும், ஓசூர்–தேவனஹள்ளிச் சாலைக்கும் இப்படி ஒரு கணக்கு யார் கையில் இருக்கிறது? ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட் ஆபீசிலும் அவரவர் நோட்டில் இருக்கிறது, பொதுவில் இல்லை.

எல்லையை மட்டும் பார்த்தால் போதாது. சென்னைத் துறைமுக வாசலில் டிரெய்லர்கள் நின்ற வரிசையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முந்நூறு கிலோமீட்டரை ஒரு ராத்திரியில் ஓடிய வண்டி, மதுரவாயலிலிருந்து துறைமுகம் போக ஒரு பகல் காத்திருந்த காலம் உண்டு. அதற்காகத்தான் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தின் நீரோட்டத்துக்குத் தடை என்று 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. தூண்கள் பாதியில் நின்றன. 2022 மே மாதத்தில் பிரதமர் மோடி இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல் நாட்டினார். நீளம் இருபது கிலோமீட்டர் சொச்சம். ஒரு சாலைக்கு இரண்டு அடிக்கல், இடையில் பதின்மூன்று ஆண்டு. இதில் கர்நாடகத்தைக் குறை சொல்ல முடியாது, எந்த அயல்நாட்டையும் சொல்ல முடியாது. நம் தலைநகரம், நம் துறைமுகம், நம் மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான பூசல். கூவம் பற்றிய கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. அதைத் தீர்த்துக்கொள்ளப் பதின்மூன்று ஆண்டு தேவையா என்பதே கேள்வி. அந்த வரிசையின் செலவு கிருஷ்ணகிரி மாங்கூழ் டிரம்மிலும், நம் கிரானைட் பாளத்திலும் ஏறியது.

வானத்து வாசலுக்கு வருகிறேன். ஓசூருக்கு விமான நிலையம் ஏன் இல்லை என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். பெலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் பெங்களூரு விமான நிலையத்தைக் கட்டியவர்களோடு 2004-இல் மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில், மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் இன்னொரு விமான நிலையத்துக்கு 25 ஆண்டு அனுமதி கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். நிலையம் 2008 மே மாதம் திறந்தது. ஆக 2033 வரை. உடான் திட்டத்தில் சிறு ஊர்களுக்கெல்லாம் விமானம் வந்தபோது ஓசூர் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்ததற்கு அதுதான் காரணம். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று அறிவித்தார். அதிலிருந்து பரபரப்பான விவாதம்.

எனக்கு மூன்று கோடிப் பயணிகளைவிடச் சரக்கு முனையத்தின்மேல்தான் கண். எத்தியோப்பியாவைப் பாருங்கள். எரித்திரியா 1993-இல் தனிநாடாகப் போனதோடு அதன் கடற்கரை போயிற்று. 1998-இல் எரித்திரியாவோடு போர் மூண்டபின் அசாப் துறைமுகமும் அடைபட்டது. இன்று கடல் வழிச் சரக்கில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஜிபூட்டி என்ற ஒற்றைத் துறைமுகத்தை நம்பியிருக்கிறது. ஆனால் அதே எத்தியோப்பியா ரோஜா ஏற்றுமதியில் கென்யாவுக்கு அடுத்து ஆப்பிரிக்காவிலேயே இரண்டாவது. காரணம் அடிஸ் அபாபா விமான நிலையமும், சொந்தமாகச் சரக்கு விமானங்கள் வைத்திருக்கும் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸும். மேட்டுநிலக் குளிர் நம்மிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. பண்ணையிலிருந்து விமானத்துக்குப் போகும் பாதை அவர்களிடம் இருக்கிறது, நம்மிடம் அடுத்தவர் ஊர் நெரிசலின் நடுவே போகிறது. பெங்களூருவைச் சேர்ந்த ரோஜா முதலாளிகள் சிலர் பணத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்ப் பண்ணை போட்டதும் நடந்தது.

இதுவரை நான் ஓசூரைப் பாதிக்கப்பட்டவர் இடத்திலேயே வைத்துப் பேசினேன். அது முழு உண்மை இல்லை. வரைபடத்தைத் திருப்பிப் பிடியுங்கள். பெங்களூருவுக்கும் கடல் இல்லை. ஒயிட்ஃபீல்டு கன்டெய்னர் கிடங்கிலிருந்து ரயிலில் போவது போக, பெங்களூருவைச் சுற்றியுள்ள ஆலைகளின் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கில் பெரும்பகுதி சாலையில் சென்னைக்குத்தான் வருகிறது. எந்த வழியாக? நம் வழியாக. நம் சூளகிரி, நம் கிருஷ்ணகிரி டோல்கேட், நம் பர்கூர். நாம் அவர்கள் விமான நிலையத்தை நம்பியிருக்கிற அளவுக்கு அவர்கள் நம் சாலையை நம்பியிருக்கிறார்கள்.

நேபாளத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. 1989 மார்ச்சில் வணிக உடன்படிக்கை காலாவதியானபோது இந்தியா எல்லை வழிகளில் இரண்டைத் தவிர மற்றதையெல்லாம் மூடியது. காத்மாண்டுவில் மண்ணெண்ணெய் இல்லை. 2015-இல், பூகம்பம் நடந்த அதே ஆண்டில், மறுபடி மாதக்கணக்கில் லாரிகள் நின்றன. அதற்குத் தான் பொறுப்பில்லை, நேபாளத்து மதேசி மக்களின் போராட்டமே காரணம் என்றது இந்தியா. யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. இந்தியாவின் அன்றாட வாழ்வுக்கு நேபாளத்தின் சாலை தேவைப்படவில்லை. அதனால் நேபாளத்தின் கையில் பேரம் பேச ஒன்றும் இல்லை. நேபாளம் அதன்பிறகு என்ன செய்தது? கொல்கத்தாவோடு விசாகப்பட்டினத்தையும் பயன்படுத்த வழி வாங்கிக்கொண்டது, தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு என்று தெரிந்தும். சீனாவோடு 2016-இல் போக்குவரத்து உடன்பாடு செய்தது, இமயத்தைத் தாண்டிப் பொருள் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தும். அந்த வழியில் அதிகச் சரக்கு வராது. ஆனால் இன்னொரு வாசல் இருக்கிறது என்பதே முதல் வாசல்காரரின் பேச்சை மாற்றும்.

நம் நிலைமை நேபாளத்தைவிட நல்லது என்று நிம்மதியாக இருக்க முடியுமா? இருக்க முடியாது. பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை வருகிறது. ஹொசகோட்டேயிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை 262 கிலோமீட்டர். கோலார், சித்தூர், ராணிப்பேட்டை வழி. கர்நாடகப் பகுதியில் வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. அந்தச் சாலை கிருஷ்ணகிரி மாவட்டத்தைத் தொடவே இல்லை. அது முழுமையாகத் திறந்த பிறகு, பெங்களூருவின் கன்டெய்னர் ஓசூரைப் பார்க்காமலேயே சென்னை போகும். நமக்கு நெரிசல் குறையும் என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் அத்திப்பள்ளியில் நிற்கும்போது அப்படித் தோன்றியது உண்டு. ஆனால் அன்றைக்கு அவர்களுக்கு நாம் தேவைப்படமாட்டோம். நமக்கு அவர்கள் தேவைப்படுவார்கள். பேரம் பேசுவதென்றால் அந்தச் சாலை முடிவதற்கு முன்பே பேச வேண்டும்.

என்ன கேட்கலாம் என்று ஓசூர்த் தொழிலமைப்புகள் என்னைக் கேட்டால் சொல்வேன். விமான நிலையம் வரட்டும், கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் 2033 வரை தேவனஹள்ளிதான். ஆகவே அதுவரைக்கும், இரவில் பூவும் மின்னணுப் பாகமும் ஏற்றிய வண்டிகள் பெங்களூரு நகருக்குள் நுழையாமல் போக, அந்நகரைச் சுற்றி அமையும் வட்டச் சாலையில் ஓசூர்ப் பகுதியை முதலில் முடித்துத் தரும்படி இரு மாநிலங்களையும் நெருக்குங்கள். பந்த் நாளிலும் அழுகும் பொருள் போக ஒரு வழி வேண்டும். ஆம்புலன்ஸுக்கும் பாலுக்கும் வழிவிடுகிறார்கள் அல்லவா, ஏற்றுமதிப் பூவுக்கும் காய்கறிக்கும் காவல்துறைத் துணையோடு வழிவிடும் ஏற்பாட்டை இரு மாவட்ட ஆட்சியர்களும் அமைதியான நாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளலாம். கலவரத்தன்று போய்க் கேட்டால் எந்த அதிகாரிக்கும் துணிவு வராது.

மாங்காய்க்கு வேறு மருந்து. சித்தூர் மூடினால் போக இன்னொரு ஆலை இங்கே வேண்டும். மூடிக்கிடக்கும் கூழ் ஆலைகளைத் திறக்க வழி என்ன என்று கேட்பதோடு, மூன்று மாநிலங்களின் தோட்டக்கலைத் துறைகளும் ஜூனுக்கு முன்பே உட்கார்ந்து அந்தப் பருவத்தின் விலையைப் பேசிக்கொள்ளக்கூடாதா? ஒரு மாநிலம் 12 ரூபாய் வைத்து அடுத்த மாநிலம் ஒன்றுமே வைக்காதபோது, தடை வராமல் என்ன செய்யும்?

கடைசியாக, முன்பு சொன்ன அந்தப் பயண நேரக் கணக்கு. அதற்கு அரசாணை தேவையில்லை, அடிக்கல் தேவையில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் ஏற்றுமதியாளர்களும் டிரான்ஸ்போர்ட்காரர்களும் சேர்ந்தாலே போதும். வண்டி கிளம்பிய நேரம், எல்லை கடந்த நேரம், துறைமுக வாசலில் அல்லது விமான நிலையச் சரக்குப் பிரிவில் நின்ற நேரம், உள்ளே போன நேரம். ஃபாஸ்டேக்கிலும் ஜி.பி.எஸ்-இலும் இதில் பாதி ஏற்கெனவே பதிவாகிறது. மாதம் ஒருமுறை சேர்த்து, கம்பெனிப் பெயரை நீக்கிவிட்டு, ஒரு பக்கமாக அச்சிட்டு பெங்களூருவுக்கும் சென்னைக்கும் அனுப்புங்கள். இங்கே இருக்கும் வணிகவியல், புள்ளியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுத் திட்டம் கிடைக்காது. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள், படிவத்தை நானே தயார் செய்து தருகிறேன். விரைவுச் சாலை திறப்பதற்கு முந்தைய ஓர் ஆண்டுக் கணக்காவது நம் கையில் இருக்க வேண்டும்.